சி.எஸ்.ஆர். சட்டம்: கடலூர் ஞாயிறு வகுப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பாதிரிப்புலியூரில் ஒரு தையல் கடை மாடியில் ஞாயிறு மாலை நாங்கள் ஒரு வகுப்பு நடத்துகிறோம். தேவனாம்பட்டினத்திலிருந்து மீன் விற்கும் அக்காமார் வருகிறார்கள். சிப்காட் பக்கத்து ஊர்களின் மகளிர் குழுக்காரர்கள், வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர்கள், புதுச்சேரியிலிருந்து பஸ் பிடித்து வருகிற நாலைந்து பேர் என்று கூட்டம் சேரும். நான் ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவன். கம்பெனிகளின் சமூகப் பொறுப்புச் சட்டத்தைப் பற்றி ஒவ்வொரு புது அணியும் ஏறக்குறைய அதே சந்தேகங்களைத்தான் கேட்கிறது. அவற்றைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே எழுதி, பதிலையும் சேர்த்திருக்கிறேன். முன்பே சொன்னதைத் திரும்பச் சொல்லாமல் கேள்வி எண்ணைக் குறித்திருக்கிறேன்.

1. சி.எஸ்.ஆர்.னா போலீஸ் ஸ்டேஷன்ல புகார் கொடுத்தா தருவாங்களே, அந்தச் சீட்டுதானே?

இல்லை. ஆனால் இந்தக் குழப்பம் நியாயமானது. காவல் நிலையத்தில் மனு ஏற்புக்குத் தரும் ரசீதையும் நம் ஊரில் சி.எஸ்.ஆர். என்றுதான் சொல்கிறோம். அது வேறு. இங்கே பேசுவது 'கார்ப்பரேட் சோஷியல் ரெஸ்பான்சிபிலிட்டி', அதாவது பெருநிறுவனங்களின் சமூகப் பொறுப்பு. செய்தித்தாளில் 'சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து பள்ளிக்குக் கழிப்பறை' என்று படம் போடுவார்களே, அந்த நிதி.

2. கம்பெனிக்காரங்க மனசு வெச்சுக் குடுக்கிறாங்க. இதுல சட்டம் எங்க வந்துச்சு?

2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டத்தில் 135-ஆவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. 2014 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. குறிப்பிட்ட அளவுக்கு மேல் உள்ள கம்பெனி தன் லாபத்தில் ஒரு பங்கைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. முதலில், 'செலவழி, இல்லையென்றால் காரணம் சொல்' என்ற அளவில்தான் இருந்தது. 2019-இல் சட்டம் திருத்தப்பட்டு, 2021 ஜனவரி 22 முதல் செலவழிக்காத பணத்துக்கும் கணக்கு, தவறினால் அபராதம் என்று இறுகியது.

அதனால் விழா மேடையில் 'வள்ளல்' என்று பேசுவதை நான் ஒப்புக்கொள்வதில்லை. நன்றி சொல்லலாம், தாராளமாகச் சொல்லலாம். வரி கட்டியவரை நாம் வள்ளல் என்பதில்லையே, இதுவும் அதுபோலச் சட்டம் சுமத்திய கடமை. அதே சமயம் இன்னொன்றும் புரிந்துகொள்ள வேண்டும். இன்ன ஊருக்கு இன்னது செய் என்று சட்டம் சொல்லவில்லை. ஆகவே 'எங்கள் ஊருக்குத் தந்தே ஆக வேண்டும்' என்று வழக்குப் போடும் உரிமை ஊராருக்குக் கிடையாது. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள இடம்தான் நம் வகுப்பின் பாடம்.

3. சிப்காட்டுல இருக்கிற எல்லாக் கம்பெனியும் குடுத்தாகணுமா?

இல்லை. முந்தைய நிதியாண்டில் மூன்றில் ஒன்று பொருந்த வேண்டும்: நிகர மதிப்பு (சொத்தில் கடன் போக மிச்சம்) 500 கோடி ரூபாய் அல்லது அதற்கு மேல், விற்றுமுதல் (ஆண்டின் மொத்த விற்பனை) 1000 கோடி அல்லது அதற்கு மேல், நிகர லாபம் 5 கோடி அல்லது அதற்கு மேல். ஒன்று பொருந்தினாலே போதும். பண்ணுருட்டிப் பக்கம் தனிநபர் பெயரிலோ கூட்டாகவோ நடக்கும் முந்திரிக் கொட்டகைகளுக்கு இது பொருந்தாது, ஏனென்றால் அவை கம்பெனிகள் அல்ல. இந்தியாவில் கிளை வைத்திருக்கும் வெளிநாட்டுக் கம்பெனிக்குப் பொருந்தும்.

'இந்த யூனிட் நஷ்டத்தில் ஓடுகிறது, அதனால் கிடையாது' என்று வாசலில் யாராவது சொன்னால் அதோடு திரும்பிவிடாதீர்கள். கணக்கு ஒரு யூனிட்டுக்கு அல்ல, மொத்தக் கம்பெனிக்கு. கடலூர் யூனிட் நஷ்டமாக இருக்கலாம், கம்பெனி லாபத்தில் இருக்கலாம்.

4. ரெண்டு சதவீதம்ங்கிறாங்களே, எதுல ரெண்டு சதவீதம்? விக்கிறதுலயா?

விற்பனையில் அல்ல, லாபத்தில். அதுவும் கடைசி மூன்று நிதியாண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் குறைந்தது 2 சதவீதம். இதை நான் கரும்பலகையில் சூத்திரமாக எழுதிக்கொண்டிருந்தபோது, கையெழுத்து மட்டும் போடத் தெரிந்த ஒரு அக்கா குறுக்கிட்டார். 'முந்தாநேத்து 600, நேத்து 900, இன்னிக்கி மீனே இல்ல, 300. மூணையும் கூட்டி மூணால வகுத்தா 600. அதுதானே தம்பி?' அதுதான். கம்பெனி லாபம் 40 கோடி, 50 கோடி, 60 கோடி என்று இருந்தால் சராசரி 50 கோடி. அதில் 2 சதவீதம் 1 கோடி. ஏலத்தில் கூடை விலையை மனக்கணக்கில் பேசுகிறவர்களுக்கு இந்தச் சட்டத்தின் கணக்கு ஒரு மலையே இல்லை.

5. எழுதப் படிக்கத் தெரியாதவங்க வரலாமா? இந்த வயசுல சட்டம் படிச்சு என்ன ஆகப் போவுது?

மேலே 4-இல் வந்த அக்காவைப் பாருங்கள். வரலாம். எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளின் தொடக்கத்திலும் புதுச்சேரியிலும் தமிழ்நாட்டிலும் நடந்த அறிவொளி இயக்கத்தில் அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் அ, ஆ கற்றவர்கள் சிலர் எங்கள் வகுப்பில் இருக்கிறார்கள். அன்றைக்குப் பெயர் எழுதக் கற்றார்கள், இன்றைக்குப் பக்கத்துக் கம்பெனியின் அறிக்கையில் தங்கள் மாவட்டத்தின் பெயரைத் தேடுகிறார்கள். எழுத்தே தெரியாதவர்களுக்கு 15 வயதுக்கு மேற்பட்டோருக்கான அரசின் புதிய பாரத எழுத்தறிவுத் திட்ட மையம் பக்கத்தில் இருந்தால் அங்கேயும் சேரச் சொல்கிறோம். இரண்டையும் சேர்ந்தே செய்யலாம்.

6. மாசம் ஒரு தடவை வெளிநாட்டுக்காரங்களோட வீடியோல பேசுறீங்களே, அவங்களுக்கு இதுல என்ன வேலை? அங்கேருந்து பணம் வருதா?

பணம் வரவில்லை. வரவும் கூடாது. வெளிநாட்டுப் பணம் வாங்க 2010-ஆம் ஆண்டின் அயல்நாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி பதிவோ முன் அனுமதியோ வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் முதலில் புது தில்லியில் பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் உள்ள கணக்குக்குத்தான் வர வேண்டும். வாங்கிய அமைப்பு அதை இன்னொரு அமைப்புக்குப் பிரித்துத் தரவும் முடியாது. எங்களிடம் அந்தப் பதிவு இல்லை, தேடவும் இல்லை.

வருவது நேரமும் அறிவும். பிரான்ஸில் ஒரு சிறு நகரத்தில் தொழிற்சங்கத்தில் இருந்து ஓய்வுபெற்றவர்கள் நடத்தும் முதியோர் கல்விக் குழுவோடு மாதம் ஒரு முறை காணொளியில் பேசுகிறோம். புதுச்சேரி மாணவர் ஒருவரின் மகள் அங்கே குடியிருப்பதால் ஏற்பட்ட தொடர்பு. நமக்கு மாலை ஆறரை என்றால் அவர்களுக்குக் குளிர்காலத்தில் பகல் இரண்டு, கோடையில் மூன்று. பிரெஞ்சு கற்பித்து ஓய்வுபெற்ற ஒரு டீச்சரம்மா புதுச்சேரியிலிருந்து வந்து இரண்டு பக்கமும் மொழிபெயர்க்கிறார். நாங்கள் நம் சட்டத்தைச் சொல்வோம், அவர்கள் தங்களுடையதைச் சொல்வார்கள். முதல் கூட்டத்தில் அவர்கள் எங்களிடம் கேட்ட கேள்வி: 'சரி, 2 சதவீதத்தைப் பற்றிச் சொன்னீர்கள். மீதி 98 சதவீதம் லாபம் எப்படிச் சம்பாதிக்கப்பட்டது என்று உங்கள் சட்டம் கேட்காதா?' அன்று யாருக்கும் பதில் தெரியவில்லை. அதற்குப் பிறகு எங்கள் பாடத்திட்டமே மாறிப்போனது.

7. அப்போ பிரான்ஸ்ல எத்தனை சதவீதம்?

அங்கே சதவீதமே கிடையாது. 2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத்தில் ராணா பிளாசா என்ற கட்டடம் இடிந்து, உள்ளே தைத்துக்கொண்டிருந்த 1,100-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஐரோப்பியக் கடைகளுக்கான துணிகள் அங்கே தைக்கப்பட்டன. அந்தச் சாவுகள் எழுப்பிய கேள்வியிலிருந்து 2017 மார்ச் 27 அன்று பிரான்ஸில் ஒரு சட்டம் பிறந்தது. 'விழிப்புடன் இருக்கும் கடமை' என்று அதன் பெயரை டீச்சரம்மா மொழிபெயர்த்தார். பிரான்ஸில் மட்டும் 5,000 பேர், அல்லது உலகெங்கும் சேர்த்து 10,000 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் பெரிய கம்பெனிகள், தங்கள் துணை நிறுவனங்களிலும் சரக்கு தருகிறவர்களிடத்திலும் மனித உரிமைக்கும் உடல்நலத்துக்கும் சுற்றுச்சூழலுக்கும் என்ன ஆபத்து உண்டு என்று கண்டறிந்து, தடுக்கும் திட்டம் எழுதி, அதை ஊரறிய வெளியிட வேண்டும்.

இரண்டு சட்டங்களும் வேறு வேறு கேள்வி கேட்கின்றன. நம்முடையது லாபத்தில் எவ்வளவு செலவழித்தாய் என்கிறது. அவர்களுடையது லாபம் சம்பாதிக்கையில் யாருக்கு என்ன கேடு செய்தாய் என்கிறது. இரண்டும் வேண்டும் என்பதே என் கருத்து. இங்கேயும் அந்தப் பக்கம் ஒரு அடி வைத்திருக்கிறோம்: பங்குச் சந்தையில் பட்டியலிட்டு, சந்தை மதிப்பில் முதல் 1000 இடங்களில் உள்ள கம்பெனிகள் 2022-23 முதல் தண்ணீர், கழிவு, தொழிலாளர் பாதுகாப்பு எல்லாவற்றையும் பற்றிப் பொறுப்பறிக்கை தர வேண்டும் என்று, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி அமைப்பு கட்டாயமாக்கியிருக்கிறது.

மொரீஷியஸ் நமக்கு முன்பே, 2009-இல், 2 சதவீதத்தைச் சட்டமாக்கிவிட்டது. அங்கே தமிழ் வம்சாவளியினர் நிறைய உண்டு. எங்கள் வகுப்பில் இதைச் சொன்னால் எல்லோருக்கும் ஒரு தனிச் சந்தோஷம்.

8. எதுக்கெல்லாம் கேக்கலாம்? மாசி மகத்துக்குப் பந்தல் போடச் சொல்லலாமா?

சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் பட்டியல் இருக்கிறது. (அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணை வேறு.) பசி, ஊட்டச்சத்து, மருத்துவம், குடிநீர், கழிவறை, கல்வி, தொழிற்பயிற்சி, பெண்கள் விடுதி, முதியோர் இல்லம், சுற்றுச்சூழல், பாரம்பரியச் சின்னங்கள், கிராமப்புற விளையாட்டு, ஊரக வளர்ச்சி, இப்படிப் போகும். பேரிடர் நிவாரணமும் மறுவாழ்வும் 2019-இல் சேர்ந்தது. 2004 சுனாமி, 2011 தானே புயல், 2015 வெள்ளம் என்று பார்த்துவிட்ட நம் மாவட்டம் இந்த ஒரு வரியை மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும்.

பந்தலைக் கம்பெனி விரும்பினால் தன் கைக்காசில் போடலாம். சி.எஸ்.ஆர். கணக்கில் வராது. விளம்பரத்துக்காகச் செய்வது, அரசியல் கட்சிக்குத் தருவது, தன் ஊழியர்களுக்கு மட்டும் பயன்படுவது, கம்பெனி வழக்கமாகச் செய்யும் தொழில், எதுவும் சேராது. ஒரு நாள் மாரத்தான், விருது விழா இவையும் சேராது என்று மத்திய அரசின் கம்பெனி விவகார அமைச்சகம் விளக்கியிருக்கிறது.

9. அவங்க தயாரிக்கிற பொருளையே குடுத்துட்டு, அதுக்கு விலை போட்டுக் கணக்குல காட்டலாமா?

முடியாது. 'செலவிட வேண்டும்' என்பதே சட்டத்தின் சொல். பொருளாகக் கொடுத்து அதற்கு விலை மதிப்புப் போட்டுச் சி.எஸ்.ஆர். செலவாகக் காட்ட முடியாது என்று கம்பெனி விவகார அமைச்சகம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

10. பக்கத்துலயே புகை விடுறாங்க, செலவை மட்டும் வேற ஊர்ல போய்ப் பண்றாங்க. கேக்க முடியாதா?

கேட்கலாம். கம்பெனி இயங்கும் உள்ளூர்ப் பகுதிக்கும் சுற்றுப்புறத்துக்கும் முன்னுரிமை தர வேண்டும் என்று 135-ஆவது பிரிவிலேயே இருக்கிறது. ஆனால் இது வழிகாட்டும் விதி, கட்டாய விதி அல்ல என்று அமைச்சகம் விளக்கம் தந்துவிட்டது. எனவே 'சட்டத்தை மீறிவிட்டீர்கள்' என்று எழுதாதீர்கள். 'சட்டம் சொல்லும் உள்ளூர் முன்னுரிமையை எப்படிப் பின்பற்றினீர்கள்?' என்று எழுதுங்கள். முதல் வாக்கியத்துக்கு வக்கீல் பதில் எழுதுவார். இரண்டாவதற்கு மேலாளர் பதில் எழுதியாக வேண்டும்.

11. எங்க மகளிர் குழு அக்கவுண்ட்ல நேரா போடுவாங்களா?

கம்பெனி தானே நேரடியாக வேலையைச் செய்யலாம். இன்னொருவர் மூலம் செய்தால் அந்த அமைப்பு பதிவு செய்த அறக்கட்டளையாகவோ சங்கமாகவோ, லாப நோக்கமற்ற 8-ஆவது பிரிவுக் கம்பெனியாகவோ இருக்க வேண்டும். வருமான வரித் துறையில் அறப்பணி அமைப்புக்கான பதிவுகள் (12ஏ, 80ஜி என்று சொல்வார்கள்), வெளி அமைப்பாக இருந்தால் இதே மாதிரி வேலையில் மூன்று ஆண்டு அனுபவம், அப்புறம் சி.எஸ்.ஆர்-1 என்ற படிவத்தில் எண் வாங்கியிருக்க வேண்டும். இந்த எண் 2021 ஏப்ரல் 1 முதல் கட்டாயம். பத்துப் பன்னிரண்டு பேர் கொண்ட குழுவிடம் இதெல்லாம் இருக்காது. எண் உள்ள ஒரு அமைப்போடு சேர்ந்து கேளுங்கள். அரசுப் பள்ளிக்கு என்றால் 2022 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி' வழி இருக்கிறது.

ஆனால் குழுவுக்கு இன்னொரு இடம் உண்டு. சி.எஸ்.ஆர். பணத்தில் உருவாகும் சொத்து கம்பெனியின் பெயரில் இருக்கக் கூடாது. எண் பெற்ற அறக்கட்டளை, சங்கம் அல்லது 8-ஆவது பிரிவுக் கம்பெனி, பயனாளிகளின் சுய உதவிக் குழு அல்லது கூட்டமைப்பு, அல்லது அரசு அமைப்பு, இவர்களில் ஒருவரிடம்தான் இருக்க வேண்டும். வலை பின்னும் கூடம் கட்டினால் அது மீனவர் குழுவின் பெயரிலேயே இருக்கலாம். பணத்தை வாங்க முடியாத குழு, பணத்தால் உருவான சொத்தை வைத்துக்கொள்ளலாம். இது பலருக்கும் தெரியாது.

12. ஆர்.ஓ. மிஷின் வெச்சாங்க, போட்டோ எடுத்தாங்க, போயிட்டாங்க. இப்ப ஓடல. யாரைக் கேக்கிறது?

நானும் ஒன்றைக் கண்ணால் பார்த்தேன். சிப்காட்டை ஒட்டிய ஒரு ஊர். கம்பெனி பெயர் போட்ட பலகை பளிச்சென்று இருந்தது. உள்ளே குழாயில் பச்சை ஏறியிருந்தது, காசு போடும் துளையில் குளவி கூடு கட்டியிருந்தது. வாசலில் ஒரு பாட்டி 20 லிட்டர் கேனை வண்டிக்காரரிடம் விலைக்கு வாங்கிக்கொண்டிருந்தார். திறப்பு விழா நடந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. கெட்டுப்போனது உள்ளே தண்ணீரை வடிகட்டும் சவ்வு மட்டும்.

முதலில் சொத்து யார் பெயரில் என்று கண்டுபிடியுங்கள் (11). எங்கள் விஷயத்தில் அது எழுத்தில் ஊராட்சியிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது, ஊராட்சியில் அந்தத் தாளையே யாரும் பார்த்ததில்லை. பராமரிப்புக்கு யார் பொறுப்பு, எத்தனை வருடம் என்று ஒரு வரி கூட ஒப்பந்தத்தில் இல்லை. நாங்கள் கம்பெனிக்கும் ஊராட்சிக்கும் ஒரே கடிதத்தை அனுப்பினோம். ஐந்து வாரம் கழித்து ஒரு மெக்கானிக் வந்தார். இப்போது மகளிர் குழு குடத்துக்கு 5 ரூபாய் வாங்கி அடுத்த சவ்வுக்குச் சேர்த்து வைக்கிறது. இனி எதைக் கேட்டாலும், வைப்பதற்கு முன்பே, பராமரிப்பு யார் பொறுப்பு என்ற அந்த ஒரு வரியை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லிக் கேளுங்கள். திட்டம் பல ஆண்டுத் திட்டமாக இருக்கலாம், தொடங்கிய ஆண்டைத் தவிர்த்து மூன்று நிதியாண்டுகள் வரை சட்டம் இடம் தருகிறது.

13. எவ்ளோ செலவு பண்ணாங்கன்னு நாங்களே போன்ல பாக்கலாமா?

பார்க்கலாம். சி.எஸ்.ஆர். குழு உறுப்பினர்கள், கொள்கை, இயக்குநர் குழு ஒப்புக்கொண்ட திட்டங்கள் மூன்றையும் கம்பெனி தன் இணையதளத்தில் போட வேண்டும் (தளம் இருந்தால்). ஆண்டறிக்கையில் இதற்கென ஒரு இணைப்பு இருக்கும். மத்திய அரசின் தேசிய சி.எஸ்.ஆர். தளத்தில் மாநில, மாவட்ட வாரியாகவும் தேடலாம்.

ஒரு எச்சரிக்கை. பழைய வீடியோக்களில் 'ஆண்டறிக்கை அட்டவணையில் உள்ளூர்ப் பகுதியா, ஆம் அல்லது இல்லை என்ற கட்டத்தைப் பாருங்கள்' என்று சொல்லியிருப்பார்கள். 2021 படிவத்தில் அந்தக் கட்டம் இருந்தது. 2022 செப்டம்பரில் படிவத்தைச் சுருக்கிவிட்டார்கள், திட்டவாரிப் பட்டியல் அதில் போயிற்று. எங்கள் வகுப்பில் மூன்று பேர் அந்தக் கட்டத்தைத் தேடித் தேடி, தங்களுக்குத்தான் படிக்கத் தெரியவில்லை என்று வருத்தப்பட்டார்கள். தவறு அவர்களுடையது அல்ல. புதிய படிவத்தில் சொத்துகளின் விவரம் மட்டும் தனியாக வரும். திட்ட விவரத்துக்கு இணையதளப் பட்டியலைப் பாருங்கள்.

14. ஆர்.டி.ஐ. போட்டா?

அரசு நிறுவனம் என்றால் நேரடியாகப் போடலாம். நெய்வேலியில் இருக்கும் என்.எல்.சி. இந்தியா பொதுத்துறை நிறுவனம், தகவல் உரிமைச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டது. 10 ரூபாய்க் கட்டணம், 30 நாள். தனியார் கம்பெனிக்கு நேரடியாகப் போட முடியாது. ஆனால் அந்தக் கம்பெனி ஆட்சியர் அலுவலகத்துக்கோ ஊராட்சிக்கோ எழுதிய கடிதம், ஒப்படைப்புத் தாள் இவற்றை அந்த அலுவலகத்திடம் கேட்கலாம். 12-இல் சொன்ன ஒப்படைப்புத் தாள் எங்களுக்கு அப்படித்தான் கிடைத்தது.

15. செலவே பண்ணலன்னா ஜெயிலா?

ஜெயில் இல்லை. பல ஆண்டுத் திட்டத்துக்கான பணம் மிச்சமிருந்தால் நிதியாண்டு முடிந்து 30 நாளுக்குள் தனி வங்கிக் கணக்கில் போட்டு, மூன்று நிதியாண்டுக்குள் செலவிட வேண்டும். அப்படித் திட்டம் எதுவும் இல்லாத மிச்சம், ஆறு மாதத்துக்குள், அதாவது செப்டம்பர் 30-க்குள், பிரதமர் தேசிய நிவாரண நிதி போன்று ஏழாவது அட்டவணையில் (8) உள்ள ஒரு நிதிக்குப் போய்விட வேண்டும். இதைச் செய்யாத கம்பெனிக்கு அந்தத் தொகையைப் போல இரண்டு மடங்கு அல்லது 1 கோடி, எது குறைவோ அது அபராதம். பொறுப்பான அதிகாரிக்கு, போட வேண்டியிருந்த அந்தத் தொகையில் பத்தில் ஒரு பங்கு அல்லது 2 லட்சம், எது குறைவோ அது.

ஊர்க்காரர் பார்வையில் முக்கியமான செய்தி என்ன? பிப்ரவரி, மார்ச்சில் போய்க் கேட்டால் காலம் கடந்துவிட்டது. ஏப்ரல், மே மாதத்திலேயே மனு போய்ச் சேர வேண்டும். ஆண்டுத் திட்டம் போடும் காலம் அது.

16. வரி மிச்சம் பண்ணத்தானே இதெல்லாம் பண்றாங்க?

வகுப்பில் பாதிப் பேர் இப்படித்தான் நம்புகிறார்கள். சி.எஸ்.ஆர். செலவைத் தொழில் செலவாகக் காட்டி வரியைக் குறைக்க முடியாது என்று 2014-லேயே வருமான வரிச் சட்டத்தில் சேர்த்துவிட்டார்கள். குறை சொல்ல நியாயமான இடங்கள் இருக்கும்போது இந்தத் தவறான குறையைச் சொல்லி நம் பேச்சின் மதிப்பை நாமே குறைத்துக்கொள்ள வேண்டாம்.

17. பள்ளிக்கூடத்துக்கு பெஞ்ச் குடுத்துட்டாங்க. இனிமே நாத்தத்தைப் பத்திப் பேசினா நன்றி கெட்டவங்கன்னு சொல்றாங்க. என்ன பண்றது?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் கேட்டுவிட்டு அழுதுவிட்டார். உப்பனாற்றங்கரையில் குடியிருப்பவர். அவர் பேரன் அந்த பெஞ்சில்தான் உட்காருகிறான்.

அக்கா, இரண்டும் வேறு வேறு கணக்கு. கழிவுநீரைச் சுத்திகரிப்பதும் புகையைக் கட்டுப்படுத்துவதும் 1974-ஆம் ஆண்டின் நீர்ச் சட்டம், 1981-ஆம் ஆண்டின் காற்றுச் சட்டம், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை இவற்றால் வரும் கடமை. வேறு சட்டம் சுமத்திய கடமையை நிறைவேற்றுவது சி.எஸ்.ஆர். ஆகாது என்று சி.எஸ்.ஆர். விதியிலேயே எழுதியிருக்கிறது. சுத்திகரிப்பு நிலையத்தை சி.எஸ்.ஆர். என்று காட்ட முடியாது. அதேபோல பெஞ்ச் கொடுத்ததால் சுத்திகரிப்பிலிருந்து விலக்கும் கிடையாது. பெஞ்சுக்கு நன்றி சொல்லிவிட்டு அதே நாளில் நாற்றத்துக்குப் புகார் எழுதலாம். புகார் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்கு, அடுத்த படி சென்னையில் உள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வுக்கு. நாற்றம் வந்த தேதி, நேரம், காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தது, மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அந்த அக்கா இப்போது எழுதுகிறார், பேரன் நாள்காட்டியைப் பார்த்துத் தேதி சொல்கிறான்.

18. சுரங்கத்துக்கு நிலம் குடுத்தவங்களுக்குக் கிடைக்கிறதும் சி.எஸ்.ஆர். தானா?

இல்லை. நில இழப்பீடும் மறுகுடியமர்வும் தனிச் சட்டக் கடமை, 17-இல் சொன்ன அதே நியாயம். சுரங்கம் உள்ள மாவட்டங்களில் 2015 முதல் மாவட்டக் கனிம அறக்கட்டளை நிதி என்று இன்னொன்றும் உண்டு. அது கனிமத்துக்கான பங்களிப்பிலிருந்து வருவது. மூன்றையும் ஒரே மனுவில் கலந்து எழுதினால் மூன்று மேஜைக்கும் போய் எங்கும் நிற்காது.

19. நாங்க புதுச்சேரி ஆளுங்க. எங்களுக்கும் இதே சட்டம்தானா?

ஆமாம். மத்தியச் சட்டம், இரு பக்கமும் ஒன்றே. மனு கொடுக்கும் அலுவலகம் மட்டும் மாறும்.

20. இங்கே செய்ற சரக்கு பிரெஞ்சுக் கம்பெனிக்குப் போவுது. அந்த நாட்டுச் சட்டம் நமக்கு உதவுமா?

சில நேரம். 7-இல் சொன்ன அளவுக்குப் பெரிய பிரெஞ்சுக் கம்பெனியாக இருந்து, இங்குள்ள ஆலை அதன் துணை நிறுவனமாகவோ நிலையான வணிக உறவு கொண்ட சப்ளையராகவோ இருந்தால், அந்த ஆலையின் ஆபத்துகளும் அவர்கள் எழுத வேண்டிய திட்டத்தில் வர வேண்டும். திட்டம் சரியில்லை என்றால் முறையான நோட்டீஸ் அனுப்பலாம். மூன்று மாதத்தில் சரிசெய்யாவிட்டால் பாரிஸ் நீதிமன்றத்துக்குப் போகலாம். 2023 டிசம்பரில் ஒரு தொழிற்சங்கம் தொடுத்த வழக்கில் பிரெஞ்சு அஞ்சல் நிறுவனமான லா போஸ்ட் தன் திட்டத்தைச் சரிசெய்ய வேண்டும் என்று அந்த நீதிமன்றம் உத்தரவிட்டது. வழி இருக்கிறது, ஆனால் நீண்ட வழி. அங்குள்ள சங்கத்தின் துணை இல்லாமல் இங்கிருந்து தனியாக நடக்க முடியாது. ஜெர்மனியிலும் இப்படி ஒரு சட்டம் 2023 முதல் உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் முழுவதற்குமான உத்தரவு 2024-இல் வந்தது, 2025-இல் அதன் தேதிகளைத் தள்ளிவைத்துவிட்டார்கள். அதனால் அதை நம்பி இங்குள்ள புகாரை (17) நிறுத்தி வைக்க வேண்டாம்.

21. இந்த வகுப்பையே ஒரு கம்பெனி சி.எஸ்.ஆர்.ல நடத்தலாமே? வாடகைக்காவது ஆவும்.

சட்டப்படி முடியும், கல்வி என்ற தலைப்பில் வரும். ஒரு கம்பெனி கேட்கவும் செய்தது. வகுப்பில் கை தூக்கச் சொன்னோம், வேண்டாம் என்று முடிவானது. அவர்கள் வாடகை கட்டும் அறையில் உட்கார்ந்து அவர்கள் அறிக்கையை வாய்விட்டுப் படிக்க முடியாது என்று ஒரு பெரியவர் சொன்னார். ஆளுக்கு மாதம் 30 ரூபாய் போடுகிறோம். தையல் கடைக்காரம்மா மின்கட்டணத்தை வாங்குவதில்லை.

22. சரி, மனு எப்படி எழுதணும்?

ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். ஊர், எத்தனை குடும்பம், என்ன தேவை, ஏழாவது அட்டவணையில் எந்தத் தலைப்பு (8), எண் பெற்ற எந்த அமைப்பு செய்யும், சொத்து யார் பெயரில் (11), பராமரிப்பு யார், எத்தனை வருடம் (12). கம்பெனியின் அறிக்கையில் நீங்கள் படித்த ஒரு வரியைக் குறிப்பிடுங்கள், படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள் என்று தெரியும். புகாரை இதில் கலக்காதீர்கள், அது தனித் தாளில். ஒரு பிரதியைத் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் ஆட்சியரிடம் கொடுங்கள். கம்பெனி வாசலில் காவலாளியிடம் கொடுத்துவிட்டு வராதீர்கள். தபால் பிரிவைக் கேட்டுப் போய், உங்கள் கையில் உள்ள நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிய பிறகு கிளம்புங்கள்.